பஞ்சிகாவத்தையில் ஒரு பால்மாப் பேணி

கொழும்புக்குச் செல்லும் நம்மவர்கள் காலிமுகத் திடலிலே காற்று வாங்குவர். நூதனசாலையைச் சுற்றிப் பார்ப்பர். புறக்கோட்டையிற் புடைவை எடுப்பர். பஞ்சிகாவத்தையைப் பார்க்க வேண்டுமென்று செல்வோர் மிகச் சிலரே. மோட்டார் வண்டி பழுதுற்றோர் மாத்திரமே அவ்வீதியை நாடுவர். சென்ற விடுமுறையில் எனக்கும் அத்தகைய தேவையொன்று ஏற்பட்டது. யாழ்தேவியிலே புறப்பட்டேன். என் மடியில் ஒரு பழைய பால்மாப் பேணி இருந்தது. அதனுள்ளே சின்னஞ்சிறு உலோகத் துண்டுகள் பல. அவற்றினிடையே கிடந்த ஒரு பொருள் இன்னதென்று எனக்கு விளங்கவில்லை. அதை அறியவே அந்தப் பயணம்.

எங்கள் வீட்டுக் கொட்டிலில் 1957 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. தபாலதிபராயிருந்த என் தந்தையாரின் வண்டி அது. அவர் மறைந்த பின்னர் ஐந்தாண்டுகளாக எவரும் அதனைத் தொடவில்லை. அதை மீண்டும் ஓடச் செய்ய விரும்பி, முதலில் அதன் காபரேற்றரைக் கழற்றினேன்.

பெற்றோலையும் காற்றையும் தக்க அளவிற் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவதே காபரேற்றரின் தொழில். எங்கள் வண்டியில் இருப்பது எஸ்.யூ. என்னும் வகையைச் சேர்ந்தது. இங்கிலாந்திலே ஸ்கின்னர் சகோதரர்கள் அமைத்த கருவி இது. அவர்களுடைய குடும்பம் பாதரட்சை வணிகத்திற் பெயர் பெற்றது. அவர்கள் செய்த முதற் கருவிகளில் தோலினாலான துருத்தியே இருந்ததாம். பின்னரே அதனிடத்தை உலோகப் பிஸ்ரன் பெற்றது. எஞ்சின் காற்றை இழுக்கும்போது பிஸ்ரன் மேலெழும். அதன் அடியிற் பொருத்திய கூரிய ஊசியும் உடன் எழும். ஊசி எழ எழ, ஜெற் எனப்படும் துளையின் வழி அகலும். பெற்றோல் மிகுதியாகப் பாயும். எளிய அமைப்புத்தான். ஆயினும், ஜெற்றைச் சூழ்ந்து மட்டும் தக்கை வளையங்கள், பித்தளை வாசர்கள், செப்பு வாசர்கள், சிறு சுருள்வில் எனப் பத்துக்கு மேற்பட்ட பாகங்கள் உண்டு.

கழற்றும் அவசரத்தில் அவற்றை ஒழுங்காக அடுக்கி வைக்க மறந்தேன். அது என் பிழை. பின்னர் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக இனங்கண்டேன். ஜெற்றை அணைத்து நிற்கும் இரண்டு தக்கை வளையங்களில் ஒன்றுதான் இருந்தது. மற்றதைக் காணவில்லை. அதற்குப் பதிலாகப் படத்தில் இல்லாத கருநிற வளையமொன்று கையில் மிஞ்சியது.

கோட்டையில் இறங்கி மருதானைக்குச் சென்றால், பஞ்சிகாவத்தை அருகிலேயே உள்ளது. வீதியின் இருமருங்கும் உதிரிப்பாகக் கடைகள். வாசலிலே எஞ்சின்கள் நிற்கும். உட்புறத்திலே கதவுகளும் விளக்குகளும் தொங்கும். எண்ணெய் மணமும் உலோக ஓசையும் கலந்திருக்கும். சிங்களமும் தமிழும் மாறிமாறி ஒலிக்கும். புதிய யப்பானிய வண்டிகளின் பாகங்களே இன்று மிகுதி. என் பேணியைக் கண்ட இளைஞர்கள் நகைத்தனர். அவர்களுள் ஒருவர், "அந்த ஒழுங்கையில் ஒரு நானா இருக்கிறார், அவரைக் கேளுங்கள்" என்றார்.

நானாவுக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். வெள்ளைத் துணியை விரித்துப் பேணியைக் கவிழ்த்தார். முதலில் ஊசியை எடுத்து, அதன் தண்டிலே பொறித்த நுண்ணிய எழுத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியாற் படித்தார். "இதுதான் ஊசிக்குப் பேர். ஒரு எழுத்து மாறினாலும் பெற்றோல் அளவு மாறும் சேர்" என்றார். அடுத்துப் பிஸ்ரன் சுருள்வில்லின் நுனியிலிருந்த நிறத்தைத் தேடினார். நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வில்லின் வலிமை ஏறுமாம். எழுத்தும் நிறமும் இல்லாதவற்றை அவற்றின் தேய்வைக் கொண்டே அறிய வேண்டும் என்றார்.

கருவளையத்தை விரல்களிடையே உருட்டினார், முகர்ந்தார், வெளிச்சத்திற் பிடித்தார்.

"உள்விளிம்பு மினுங்குது, பாருங்க. ஏதோ ஒன்று இதுக்குள்ள ஏறி இறங்கியிருக்கு. ஒரு பக்கத்தில வாசர் பதிஞ்ச தடம் இருக்கு."

ஜெற்றை எடுத்து வளையத்தினுள்ளே செலுத்தினார். அளவு பிசகாது பொருந்தியது. சோக்கை இழுக்கும்போது ஜெற் கீழிறங்கும், விட்டதும் மேலேறும். அந்த அசைவே உள்விளிம்பைப் பளபளக்கச் செய்திருந்தது.

"இது தக்கைக்குப் பதில் போட்டது. கம்பனிச் சாமான் இல்ல சேர். தோல். யாரோ நல்ல பொறுமைசாலி கையால வெட்டியிருக்கார்."

புதிய தக்கை வளையங்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வீதியோரத்தில் நின்று அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அதை எறிஞ்சு போடாதை தம்பி. அப்பாவின்ரை செருப்புத் தோல் அது" என்றார்.

1990 இன் பின்னர் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்கு வரத் தடையிருந்தது. சில துளி பெற்றோலிலே எஞ்சினை முடுக்கி, மண்ணெண்ணெயில் வண்டியோட்டிய காலம் அது. காய்ந்து சுருங்கிய தக்கைக்கு மாற்றுக் கிடைக்கவில்லை. தந்தையார் தம் செருப்பின் தோலைச் சவர அலகினால் வட்டமாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்தினாராம்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாளை வலிகாமத்தவர் எவரும் மறவார். நடக்கவியலாத பாட்டியாரை ஏற்றிக்கொண்டு, சனத்திரளின் நடுவே எங்கள் வண்டி நாவற்குழியை நோக்கி ஊர்ந்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது. சைக்கிளை உருட்டியபடி அருகே நடந்தேன். தந்தையார் கண்ணாடியைத் தாழ்த்தி, "எண்ணெய் மணக்குதோ பார்" என்று அடிக்கடி கேட்டார். நானும் முன்மூடியருகே முகர்ந்து, "இல்லை அப்பா" என்றேன். ஏன் கேட்கிறார் என்று அன்று வினவவில்லை. சாவகச்சேரியை அடையும்வரை அந்த மணம் வரவேயில்லை.

முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், பஞ்சிகாவத்தை வீதியோரத்திலே அக்கேள்வியின் பொருள் எனக்குப் புரிந்தது.

வீடு திரும்பியதும் புதிய தக்கைகளை எண்ணெயில் ஊறவைத்துப் பூட்டினேன். வண்டி ஓடுகின்றது. தோல்வளையத்தைப் பால்மாப் பேணியிலேயே பத்திரப்படுத்தியிருக்கிறேன். மாணவர்களுக்கு அதைக் காட்டுவதுண்டு. படத்தில் இல்லாத பொருளைக் கண்டால் குப்பையென்று வீசிவிடாதீர்கள். அதன் தேய்வை முதலிற் பாருங்கள் என்று சொல்வேன். அன்று நானே அதனை வீசியெறிய எண்ணினேன் என்பதையும் மறைப்பதில்லை.