கொழுக்குமலை ஜீப்பும் கமான் பட்டையும்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதையைச் சாலை என்று சொல்ல ஜீப் ஓட்டுநர்களுக்கே வாய் வராது. சுமார் 12 கிலோமீட்டர். பெரும்பகுதி கருங்கல்லும் பள்ளமும்தான். 7,000 அடிக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில், வண்டி ஏறும் வழி கேரளத்தின் இடுக்கியில். சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன்னே ஜீப்கள் கிளம்பிவிடும். மஹிந்திராவின் மேஜர், கமாண்டர் போன்ற பழைய வண்டிகளில் முன்னும் பின்னும் கமான் பட்டைதான், அதாவது லீஃப் ஸ்பிரிங். 2020-இல் வந்த புதிய தார், பின்பக்கத்திலும் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டது. மலையில் உழைக்கும் பழைய வண்டிகளைப் பட்டைகளே இன்னும் தாங்குகின்றன.

அந்த ஏற்றத்தில் பட்டை முறிந்த ஒரு ஜீப்பைப் போடிநாயக்கனூர்ப் பட்டறை ஒன்றில் பார்த்தேன். இடது பின்பக்கப் பட்டைக் கட்டின் மெயின் பிளேட், அதாவது மேல் பட்டை, போயிருந்தது. ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவே மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, ஆக்சில் நழுவாதபடி சங்கிலியால் இழுத்துக் கட்டி, ஆள் ஏற்றாமல் உருட்டிக்கொண்டு வந்திருந்தார் ஓட்டுநர்.

“ஒரே ஒரு கல்லுலதாண்ணே ஏறுச்சு, டமார்னு போயிருச்சு.”

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. பட்டைகள் சேர்ந்த கட்டைக் கழற்றி, முறிந்த துண்டை டீசல் துணியால் துடைத்து, முறிவு முகத்தை வெளிச்சத்தில் திருப்பினார். அதில் இரண்டு நிறம். போல்ட் துளையை ஒட்டித் துருவேறிக் கறுத்த ஒரு பகுதி. மீதியெல்லாம் கற்கண்டை உடைத்தாற்போல் மினுங்கும் புது முறிவு. “இது நேத்து உடையல தம்பி. ரொம்ப நாளா உடைஞ்சுக்கிட்டே இருந்துருக்கு.”

நடுவில் சென்டர் போல்ட்டுக்காகத் துளை போடுவதால் பட்டைக்கு அங்கேதான் பலம் குறைவு. கட்டை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை அந்த இடம் வளையாது. அது தளர்ந்துவிட்டால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் துளையும் சேர்ந்து வளைந்து, ஓரத்தில் கீறல் விழும். பட்டைகளுக்கு இடையே புகும் சேறும் தண்ணீரும் துருவை வளர்க்கும். இந்த வண்டியில் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பும் இல்லை. கிளிப் போனால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது இழுவை முழுவதும் மெயின் பிளேட்டின் தலையில்தான் விழும்.

வெல்டிங் வைத்தால் ஆகாதா என்றார் ஓட்டுநர். மேஸ்திரி கையை விரித்தார். இது சிலிக்கன் கலந்த ஸ்பிரிங் எஃகு. 850 டிகிரி அளவுக்குக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, மறுபடி 450, 500 டிகிரிக்குச் சூடேற்றிப் பதப்படுத்தியது. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் கெட்டு, ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி முறியும். முறிந்த பிளேட் பழைய இரும்புக்குப் போனது. திருப்பாச்சேத்தி அரிவாள்கள் இப்படிப்பட்ட பழைய வண்டிப் பட்டைகளில்தான் அடிக்கப்படுகின்றன.

புது மெயின் பிளேட் வந்தது. மற்ற பட்டைகள் முறியவில்லை, தளர்ந்திருந்தன. அவற்றை நெருப்பில் காட்டாமல் அடைகல்லில் வைத்துச் சம்மட்டியால் அங்குலம் அங்குலமாகத் தட்டி வளைவேற்றினார்கள். தரையில் சாக்பீஸால் போட்ட கோட்டோடு அடிக்கடி ஒத்துப்பார்த்தார்கள். ஒவ்வொரு பட்டைக்கும் அதற்கு மேலிருப்பதைவிடக் கொஞ்சம் வளைவு கூடுதலாக வேண்டும். அப்போதுதான் போல்ட்டை முறுக்கும்போது ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும். வலது பக்கப் பட்டைக் கட்டையும் இறக்கி உயரத்தைச் சமப்படுத்தினார்கள். இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் சாயும்.

“இன்னொரு பிளேட் சேத்துப் போட்டுருங்கண்ணே.” இது அநேகமாக எல்லா ஓட்டுநரும் கேட்பதுதானாம். கட்டு விறைத்துப்போனால் பட்டை வாங்க வேண்டிய அடியைச் சேக்கிளும் சேஸும் வாங்கும், சேஸில் கீறல் விட்டால் செலவு பல மடங்கு என்று மேஸ்திரி மறுத்துவிட்டார்.

வண்டியைச் சக்கரத்தில் இறக்கி நிறுத்திய பிறகுதான் யூ போல்ட் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கினார். புதிதாகப் போட்ட கட்டு ஓட்டத்தில் அமுங்கி உட்காரும், நட்டு தளரும். மலை ஏறி வந்ததும் இன்னொரு முறை முறுக்கியாக வேண்டும். அதற்குக் கூலி இல்லை என்றாலும் பலர் திரும்பி வருவதில்லை என்பது அவருடைய குறை. ஓட்டுநர் நீட்டிய பணத்தில் முந்நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்: “இதை நட்டு முறுக்க வர்றப்பக் குடு.”