மறைந்தோரைத் தேடி ஒரு மாலை

நயாகரா நீர்வீழ்ச்சியைக் கண்டு களித்துத் திரும்புவோர் பலர். எல்லையைக் கடந்து, பஃபலோ நகருக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 60 மைல் சென்றால், காசடேகா ஏரிக்கரையில் லில்லி டேல் என்றொரு சிற்றூர் உண்டு என்பதை அறிந்தோர் சிலரே. இறந்தோர் உயிருள்ளாரோடு பேசுவர் என்ற கொள்கையுடையோர் 1879ஆம் ஆண்டிலே நிறுவிய ஊர் அது.

சென்ற ஆடி மாதம் ரொறன்ரோவிலே எம் சின்னம்மாவின் வீட்டில் தங்கியிருந்த வேளை, அவ்வூரைக் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. விருப்பம் சின்னம்மாவுடையது. எழுபதைத் தாண்டிய அவர், கோயிலுக்கன்றி வேறெங்கும் தம்மை அழைத்துச் செல்லுமாறு கேட்டறியாதவர். அவருடைய கணவர் காலமாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. கடைசி மகன் 2009ஆம் ஆண்டு வைகாசியிலே வன்னியில் காணாமற்போனான். அவனைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. ஊரிலிருந்த காலத்தில் சின்னம்மா சாத்திரம் கேட்டார். மை வெளிச்சம் பார்த்தார். கலையாடுவோர் முன்னும் கைகட்டி நின்றார். ஆகவே, அவர் கேட்டபோது மறுக்க எமக்கு மனம் வரவில்லை.

வாயிலிலே நுழைவுக் கட்டணம் செலுத்தி உள்ளே சென்றோம். ஒடுங்கிய தெருக்கள், இரு மருங்கிலும் மரத்தாலான பழைய வீடுகள், பூச்செடிகள் நிறைந்த முன்விறாந்தைகள். நம்மூரிலே வைத்தியரும் சட்டத்தரணியும் பெயர்ப்பலகை தொங்கவிடுவது போல, அங்கே ‘மீடியம்’ எனப்படும் ஆவி ஊடகர்கள் தம் வீட்டு வாயில்களிலே பலகை தொங்கவிட்டிருக்கின்றனர். ஊரவையின் பரீட்சையிலே தேறியவர்களுக்கே அங்கு தொழில் செய்ய அனுமதியுண்டு. அத்தகையோர் ஏறக்குறைய ஐம்பதின்மர் உளர்.

இக்கொள்கையின் வரலாறு சுவையானது. 1848ஆம் ஆண்டு மார்ச் 31ஆந் திகதி இரவு, அதே மாநிலத்தின் ஹைட்ஸ்வில் என்னும் ஊரில், ஃபொக்ஸ் குடும்பத்துச் சிறுமியர் இருவர் தம் கேள்விகளுக்கு ஆவியொன்று தட்டொலியால் விடை தருகின்றது என்றனர். செய்தி நாடெங்கும் பரவியது. நாற்பது ஆண்டுகளின் பின், 1888இல், அவ்விருவருள் ஒருவரான மார்கரெட்டா, கால்விரல் மூட்டைச் சொடுக்கியே அவ்வொலியை எழுப்பியதாக நியூ யோர்க் நகர மேடையொன்றிலே ஒப்புக்கொண்டு செய்துங் காட்டினார். மறு ஆண்டே அக்கூற்றை மீளப்பெற்றார். நம்பியோர் நம்பியபடியே இருந்தனர். அச்சிறுமியர் வாழ்ந்த குடிலை 1916இல் லில்லி டேலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினர். 1955இல் அது தீக்கிரையாயிற்று.

நம் நாட்டுக்கும் இக்கதைக்கும் ஒரு தொடர்பு உண்டு. கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தின் முன்னே சிலையாக நிற்கும் கேணல் ஒல்கொட், 1874இல் அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலத்திலே பண்ணை வீடொன்றில் நிகழ்ந்த ஆவி அழைப்புகளை ஆராய்ந்து பத்திரிகைக்கு எழுதச் சென்றார். அங்கேதான் அவர் பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். மறு ஆண்டு பிரமஞான சங்கம் பிறந்தது. 1880 மே மாதத்தில் இருவரும் காலித் துறையிலே வந்திறங்கினர். அதன்பின் எழுந்த பௌத்த பாடசாலைகளை யாவரும் அறிவர்.

மாலை ஐந்தரை மணிக்குக் காட்டினுள்ளே ஒரு கூட்டம் நடைபெறும் என்றார்கள். நெடுமரங்களினிடையே நடந்து சென்றோம். வழியிலே, செல்லப் பிராணிகளைப் புதைத்த சிறு மயானமொன்றும் உண்டு. பாதையின் முடிவிலே வேலியிட்ட பழைய மரக்குற்றியொன்று நின்றது. முற்காலத்திலே ஊடகர்கள் அதன் மீதேறி நின்று பேசினராம். இப்போது அதன் முன்னே நின்று பேசுகின்றனர். எதிரே வரிசையாக மர வாங்குகள். இருட்டறையுமில்லை, ஆடும் மேசையுமில்லை. இலைகளினூடே வெயில் விழுந்துகொண்டிருந்தது.

ஊடகர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்களே. கூட்டத்தில் ஒருவரைச் சுட்டி, “உங்களிடம் வரலாமா?” என்று முதலில் அனுமதி கேட்பது அங்குள்ள முறை. சுட்டப்பட்டவர் வாய்திறந்து விடை சொல்லவேண்டும். அக்குரலே தமக்கு வழிகாட்டும் என்பர். ஒருவர், “வில்லியம் என்று யார்?” என்றார். விடையில்லை. “வில்? பில்?” என்றார். பின்வரிசையிலே ஒரு கை உயர்ந்தது. மற்றொருவர் நடுத்தர வயதினர் ஒருவரை நோக்கி, “தந்தையார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நீர் அருகில் இல்லாததற்கு வருந்தவேண்டாம் என்கிறார்” என்றார். பருத்த அம்மனிதர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

மாணவர்களுக்கு ஒன்று கூறவேண்டும். 1948இல் பேட்ராம் ஃபோரர் என்னும் அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர் 39 பேருக்கு, அவரவர் குணத்தை ஆராய்ந்து எழுதியதென்று கூறி, ஒரே குறிப்பையே எல்லோர்க்கும் கொடுத்தார். அது எவ்வளவு பொருத்தம் என்று அவர்கள் இட்ட சராசரிப் புள்ளி ஐந்துக்கு 4.26. பொதுவான சொல்லைத் தமக்கே உரியதாக ஏற்பது மனித இயல்பு. பொருந்தியது நினைவில் நிற்கும், பொருந்தாதது மறந்துபோகும். இவற்றையெல்லாம் அறிந்தேதான் நாம் அங்கே அமர்ந்திருந்தோம். எனினும் அம்மனிதரின் கண்ணீரை எள்ளி நகைக்க எம்மால் இயலவில்லை. அருகில் இருக்க முடியாமற்போன பிள்ளைகள் எம் நாட்டிலே எத்தனை பேர்!

கடைசியாக வந்தவர் நரைத்த கூந்தலுடைய ஒரு பெண்மணி. அவருடைய பார்வை வரிசைகளின் மீது ஓடிச் சின்னம்மாவிடம் வந்து நின்றது. “அம்மா, உங்களிடம் வரலாமா?” என்று ஆங்கிலத்திலே கேட்டார்.

சின்னம்மாவின் கை எம் கையை இறுகப் பற்றியது. நூறு முகங்கள் திரும்பின. இத்தனை தூரம் இதற்காகவே வந்தவர், தலையை அசைத்து, “நோ” என்றார். பின்னர், மரியாதை குறைந்துவிட்டதோ என்றஞ்சியவர் போல, “தாங்ஸ்” என்றும் சேர்த்துக்கொண்டார். அப்பெண்மணி நெஞ்சிலே கைவைத்துத் தலைவணங்கி, வேறொருவரை நாடிச் சென்றார். நம்மூரில் குறி சொல்வோர் எவரும் இவ்வாறு அனுமதி கேட்டதை நாம் கண்டதில்லை.

திரும்பும் வழியில் நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பாலத்தைக் கடந்து கனடாவினுள் வந்தபின், “சித்தப்பா வந்திருப்பார் என்று நினைத்தீர்களா சின்னம்மா?” என்று மெல்லக் கேட்டோம்.

யன்னலுக்கு வெளியே பார்த்தபடியே அவர் சொன்னார்: “அவர் வந்தால் எனக்குச் சந்தோசந்தான் மோனை. ஆனால், அவருக்குப் பக்கத்திலை ஆர் நிக்கினமெண்டு அந்த மனுசி சொல்லிப்போட்டால்?”