வேலியும் பொட்டும்

யாழ்ப்பாணத்து வேலியைப் பற்றிப் பேசுவோர் அதன் உயரத்தையும் நெருக்கத்தையுமே பேசுவர். அதன் அடியைப் பற்றிப் பேசுவோர் அரியர். கிடுகாயினும் பனையோலையாயினும் மண்ணைத் தொடும் பாகமே முதலில் உக்குகின்றது. கறையான் ஏறுவதும் அவ்விடத்திலேதான். மனிதனுடைய கண்மட்டத்தில் வேலி புத்தம் புதிதாகத் தோன்றும் காலத்திலேயே, நாயினுடைய மூக்குமட்டத்தில் அது பழையதாகிவிடுகின்றது. அவ்வாறு விழும் துவாரத்தை ஊரவர் 'பொட்டு' என்பர். முதலிற் கோழி நுழையும். பின்னர் நாய் நுழையும். சில வாரங்களிற் பிள்ளைகளும் குனிந்து போகப் பழகிவிடுவர். அடுத்த வீட்டுக்குக் கறி போனதும், அங்கிருந்து செய்தி வந்ததும் ஒரு காலத்திலே பொட்டு வழியாகத்தான். ஆதலால் அதனை அடைக்க வேண்டுமென்று எவரும் அவசரப்பட்டதில்லை.

வலிகாமத்துச் சிற்றூர் ஒன்றிலே நான்கு பரப்புக் காணியில் வாழும் முதியவர் ஒருவர் இப்பொட்டுக்களுடன் ஈராண்டு காலம் போராடினார். தபாற்கந்தோரிலே கடமையாற்றி இளைப்பாறியவர். பிள்ளைகள் வெளிநாட்டில்; வீட்டில் அவரும் மனைவியாரும் மண்ணிற ஊர்நாய் ஒன்றுமே. வளவின் முன்புறம் மதில். இருபக்கமும் கிளுவைக் கதியால் நட்டுக் கிடுகு கட்டிய வேலி. பின்புறம் அயலவரோடு பங்குவேலி.

நாய் முதலிற் போனது பங்குவேலிப் பொட்டு வழியாக. பெரியவர் அவ்விடத்திலே பனைமட்டை வைத்துக் கம்பியால் இறுக்கினார். மறுநாள் அது ஒரு முழம் தள்ளிப் போயிற்று. அடைத்த இடம் வேலியின் மிகப் பலமான இடமாகிவிட, அதற்கு அடுத்த இடம் மிகப் பலவீனமான இடமாயிற்று. அதையும் அடைத்து, வேலியடி நெடுகிலும் சுண்ணக்கற்களை அடுக்கினார். மாரி தொடங்கிச் செம்மண் இளகியதும் நாய் கற்களுக்குக் கீழே குடைந்தது. ஒரு பகல் முழுவதும் அலவாங்கு கொண்டு அவர் புதைத்த கல்லை அது அரைமணி நேரத்திற் சுற்றிச் சென்றதாக மனைவியார் சொல்லிச் சிரிப்பார். அவர் சிரித்ததில்லை.

தோண்டும் நாய்க்கு ஏற்ற பரிகாரம் ஆழமன்று, அகலம். கம்பிவலையின் ஒரு பாதியை வேலியடியில் நிமிர்த்திக் கட்டி, மறுபாதியை வளவின் உட்புறமாக மடித்து, மண்ணிலே படுக்கவைத்து மேலே மண் பரவிவிட வேண்டும். நாய் வேலியை ஒட்டியே நின்று தோண்டும். நகம் கம்பியிற் பட்டதும் ஓய்ந்துவிடும். இரண்டடி பின்னே போய்த் தோண்டலாமென்று அதற்குத் தோன்றுவதில்லை. பெரியவர் இதனை வெகு தாமதமாக, தோட்டக்காரர் ஒருவரிடம் கேட்டறிந்தார். அன்றுடன் தோண்டல் நின்றது, பாய்ச்சல் தொடங்கியது. விறகுக் குவியலில் ஏறி அங்கிருந்து மதிலுக்கும், மதிலிலிருந்து ஒழுங்கைக்கும் வழி கிடைத்தது. விறகை இடம்மாற்றியதும் மீன்காரர் வரும் நேரம் வழியாயிற்று. அவருடைய மணியோசை கேட்டுப் படலை திறக்கப்படும் அந்தக் கணப்பொழுது ஒரு நாய்க்குத் தாராளமாகப் போதும்.

சங்கிலியிற் கட்டலாமே எனப் பலர் சொன்னார்கள். பத்து நாள் கட்டியும் பார்த்தார். அதுவரை எவரையும் பார்த்து உறுமாத நாய், அவருக்கே பல்லைக் காட்டத் தொடங்கியது. பகல் முழுதும் ஆறடி வட்டத்துள் நிற்கும் பிராணி வேறெப்படியிருக்கும்? அவிழ்த்துவிட்டார்.

எப்படிப் போகின்றது என்று ஈராண்டு ஆராய்ந்தவர், ஏன் போகின்றது என்று கேட்டாரில்லை. கேட்டவர் மனைவியாரே. அவர் கணித்த காரணங்கள் இரண்டு. ஒன்று, பெட்டை நாயின் வாடை. கடுவன் நாய்க்கு அது பல வளவுகளுக்கு அப்பாலிருந்தே எட்டிவிடும். அவ்வேளையில் எந்த வேலியும் அதற்கு ஒரு பொருட்டன்று. மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தபின் அலைச்சல் வெகுவாகக் குறைந்தது. மற்றது, வளவினுள்ளே அதற்குச் செய்வதற்கு ஒன்றுமில்லாமை. பொழுதுசாயும் வேளையில் ஒழுங்கை முடிவுவரை அதை நடத்திச் சென்று மீள்வது வழக்கமாயிற்று. எஞ்சியது வெடிச்சத்தம் மட்டுமே. கோயிற் திருவிழாவில் வாணம் வெடிக்கும் இரவுகளில் மாத்திரம் அது அறிவிழந்து ஓடிற்று. அவ்விரவுகளில் அதை அறையினுள் விட்டு, பக்கத்தில் எவராவது இருக்க வேண்டியிருந்தது.

ஆயினும் இவையெல்லாம் கைகூடுமுன்னரே அயலில் வினை விளைந்துவிட்டது. நாய் பின்வளவில் மூன்று கோழிகளைக் கொன்றது. அயலவர் படலையடிக்கு வந்து, "ஐயா, உங்கட நாயை நீங்கள் பார்க்காட்டி நான்தான் பார்க்க வேண்டிவரும்" என்றார். இதன் பொருள் கிராமத்தில் எவருக்கும் விளங்கும். நஞ்சு கலந்த இறைச்சித் துண்டு ஒன்று போதுமானது. தெருவிலே வேறு ஆபத்துகளும் உண்டு. வாகனம் ஒன்று, விசர்நாய்க்கடி மற்றொன்று. அந்நோயின் அறிகுறிகள் தோன்றியபின் மனிதனாயினும் நாயாயினும் பிழைப்பது அரிதினும் அரிது. ஆண்டுதோறும் தடுப்பூசி போடப்பட்ட நாயும் கழுத்துப்பட்டி இல்லாதவிடத்துப் பார்ப்பவர் கண்ணுக்குக் கட்டாக்காலியே. கட்டாக்காலிகளைப் பிடித்துக் கொல்லும் பழைய முறையை அரசு 2006இல் கைவிட்டது உண்மைதான்; ஆனால் கோழியை இழந்தவனுடைய கோபத்துக்கு அரச கொள்கை தடையாகாது.

அயலவர் ஒரு யோசனையும் சொன்னார். பங்குவேலியை நீக்கிவிட்டுச் சீமெந்துக்கல் மதில் கட்டுவோம், செலவிற் பாதி தம்முடையது என்றார். நியாயமான யோசனை. ஊரெங்கும் வேலிகள் மதில்களாக மாறிவரும் காலமிது. கிடுகுக்கும் கூலிக்கும் ஆண்டுதோறும் செலவழிப்பதிலும் ஒருமுறை செலவழிப்பது இலாபமென்பர். பணமும் பெரியவரிடம் இருந்தது. ஆனால் அவர் மறுத்துவிட்டார். காரணமும் சொல்லவில்லை. நாயை அடைப்பதற்கு இவ்வளவு பாடுபட்டவர், நிச்சயமாக அடைக்கும் ஒன்றை ஏன் மறுக்கிறார் என்பது அயலவருக்கு விளங்கவில்லை. இரு வீட்டாருக்குமிடையில் சில மாதங்கள் பேச்சு நின்றது.

காரணத்தைச் சொன்னவர் மனைவியார். அதுவும் அயல்வீட்டுப் பெண்ணிடம், கிணற்றடியில் நின்று. 1995ஆம் ஆண்டு அவர்களிடம் வேறொரு நாய் இருந்தது. அவ்வாண்டு வேலி புதிதாக அடைக்கப்பட்டிருந்தது. ஒரு பொட்டும் இல்லை. ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் அனைவரும் வெளியேற நேர்ந்தபோது, இரண்டு மூன்று நாளில் மீண்டுவிடலாமென்றே பலரும் நம்பினர். பெரியவர் சட்டியிற் சோறும் பேசினில் நீரும் வைத்து, தெருவிலே சனநெருக்கத்தில் நாய் மிதிபட்டுவிடுமென்று அஞ்சி, படலையை நன்றாகச் சாத்திவிட்டுப் புறப்பட்டார். மழையில் நனைந்து நாவற்குழி கடந்து தென்மராட்சிக்குப் போன இலட்சக்கணக்கானோருள் அவர்களும் இருவர். திரும்பியது 1996 மே மாதத்தில். படலை சாத்தியபடியே இருந்தது. வேலி சில இடங்களிற் சரிந்திருந்தது. அது எப்போது சரிந்ததென்று எவரறிவார்? பின்வேலியின் உட்புறத்தில் நெடுகிலும் மண் கிளறப்பட்டிருந்தது. நாய் வெளியேறிற்று என்றும் அவர் சொல்வதில்லை. வெளியேறவில்லை என்றும் சொல்வதில்லை. அதன்பின் வெகுகாலம் அவ்வீட்டில் நாய் வளர்க்கப்படவில்லை.

அயலவர் அப்போது தாயின் இடுப்பில் இருந்த குழந்தை. மனைவி வாயிலாக இதைக் கேட்ட இரண்டாம் நாள் அவர் தச்சுவேலை தெரிந்த ஒருவரையும் பலகைத் துண்டொன்றையும் கொண்டு பங்குவேலியடிக்கு வந்தார். மதிற் பேச்சை எடுக்கவில்லை. வேலியின் மூலையில், முதற்பொட்டு இருந்த இடத்திலேயே, ஒரு நாய் நுழையக்கூடிய அளவிற் சிறு கதவொன்று அமைக்கப்பட்டது. அதன் தாழ்ப்பாள் அயலவர் பக்கத்தில் இருக்கின்றது. பெரியவர் வீட்டார் திடீரென எங்கேனும் போய்த் திரும்ப முடியாதுபோனால் அதனைத் திறந்துவிடுவது அவருடைய பொறுப்பு. அவரும் போகவேண்டி வந்தால், போகுமுன் திறந்துவிட்டுப் போவது. இதற்கு எழுத்தில்லை, வேலிக்கு இருபுறமும் நின்று பேசிக்கொண்டதே உடன்படிக்கை.

வேலியடிக்குப் போட்டு மிஞ்சிய கம்பிவலையைப் பெரியவர் அயலவரின் கோழிக்கூட்டுக்குக் கொடுத்தார். சிறு கதவு இதுவரை ஒருமுறையும் திறக்கப்படவில்லை. மாரியில் தாழ்ப்பாள் துருவேறாதிருக்க அயலவர் அதற்கு எண்ணெய் இட்டுவருகிறார். வாணம் வெடிக்கும் இரவுகளில் நாய் விறாந்தையை அடுத்த அறையில் பெரியவரின் கட்டிலின்கீழ்ப் படுத்திருக்கும்.