திரும்பாத நூல்களைத் தேடி

படைக்கலம் ஏந்தியோரின் வீரத்தைப் பரணி பாடிப் போற்றியது தமிழ் மரபு. நூற்பட்டியலை மட்டும் கையிலேந்திக் கொடிய அரசொன்றை எதிர்த்து நின்றவர்களும் உலகில் உளர்.

லிதுவேனியா நாட்டின் வில்னியஸ் நகரை 1941ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாஜிப் படை கைப்பற்றியது. செப்டம்பரில் அந்நகரத்து யூதர்கள் சில தெருக்களுக்குள் அடைக்கப்பட்டனர். வாயிலில் காவலர் நின்று சோதித்தனர். மறைத்துக் கொண்டுவரும் உணவுகூடக் குற்றமாயிற்று.

வில்னியஸ் பல்கலைக்கழக நூலகர் ஓனா ஷிமைட்டே யூதர் அல்லர். யூத மாணவர்கள் இரவல் பெற்ற நூல்களை மீட்க வேண்டும் என்று காரணம் காட்டி, அவர் உள்ளே செல்ல அனுமதி பெற்றார். நூல் மீட்கச் சென்றவரின் பையில் உணவும் மடல்களும் இருந்தன. திரும்பும்போது, காக்கப்பட வேண்டிய ஏடுகளை அவர் வெளியே கொண்டுவந்தார்.

அடைப்புப் பகுதிக்குள்ளும் ஒரு நூலகம் இயங்கியது. ஹெர்மன் குரூக் என்பவர் அதனை நடத்தினார். பசியும் மரண அச்சமும் சூழ்ந்த அவ்விடத்தில், 1942 டிசம்பரில் 1,00,000ஆவது நூல் இரவல் வழங்கப்பட்டதை மக்கள் விழாவாகக் கொண்டாடினர். புதினங்களையே அவர்கள் மிகுதியாக நாடினர். பூட்டிய வாயிலைக் கடந்து செல்ல அவர்களுக்கு எஞ்சியிருந்த வழி அது.

யூதர்தம் நூல்களைப் பிரிக்கும் வேலையையும் ஆக்கிரமிப்பாளர் யூதர்களிடமே சுமத்தினர். ஒரு பகுதி ஜெர்மனிக்கு. எஞ்சியவை காகித ஆலைக்குக் கூழாக. அப்பணியிலிருந்த கவிஞர் ஆபிரகாம் சுட்ஸ்கேவரும் தோழர்களும் அரிய ஏடுகளை ஆடைக்குள் மறைத்துக் கடத்தினர். பிடிபட்டால் உயிருக்கே உறுதியில்லை. உணவைக் கடத்தாமல் தாளைக் கடத்துவது பேதைமை என்று எண்ணியோரும் இருந்திருக்கலாம். ஆயினும், ஓர் இனத்தை அழிப்பவன் அதன் நினைவையும் அழிக்க முயல்வான் என்பதை அவர்கள் கண்ணெதிரே கண்டனர்.

1943 செப்டம்பரில் அடைப்புப் பகுதி முற்றாக அழிக்கப்பட்டது. குரூக் எஸ்தோனியாவில் உள்ள முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1944இல் கொல்லப்பட்டார். சாவதற்கு முன் தம் நாட்குறிப்பை மண்ணில் புதைத்துவைத்தார். அதே ஆண்டு ஓனாவும் கைதானார். கொடிய வதைகளுக்கிடையிலும் தாம் காத்தவர்களின் பெயர்களை அவர் உரைக்கவில்லை. முகாம் வாழ்விலிருந்து உயிர்தப்பிய அவர் 1970இல் பிரான்சில் மறைந்தார்.

போர் ஓய்ந்தபின், மறைத்துவைத்த ஏடுகளில் ஒரு பகுதி மீட்கப்பட்டது. அவை இன்று நியூயார்க்கிலும் வில்னியஸிலும் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றைப் படித்திருந்தோருள் பெரும்பாலோர் திரும்பவில்லை. நூல்களைக் காத்ததனால் மனிதரைக் காத்துவிட்டதாகக் கொள்ள இயலாது. எனினும் அம்மனிதர் எண்ணியதும் பாடியதும் சிரித்ததும் அவ்வேடுகளில் எஞ்சியுள்ளன. அவர்கள் வாழ்ந்தனர் என்பதை எவராலும் இனி மறுக்க இயலாது.