ஆலயச் சுவரில் மூன்று கேமராக்கள்

பெங்களூரு கன்டோன்மென்ட் பகுதியில், ஞாயிறு காலைத் தமிழ்த் திருப்பலி நிகழும் ஓர் ஆலயம். அதன் பாடகர் மாடத்தில், கீபோர்டுக்கு அருகே, ஒரு சிறு மேசை போடப்பட்டிருக்கிறது. அதன்மீது ஒரு வீடியோ சுவிட்சர், ஜாய்ஸ்டிக் பொருத்திய ஒரு கட்டுப்பாட்டுப் பலகை, இரண்டு திரைகள். அம்மேசை முன் அமர்பவர் ஒரு கல்லூரி மாணவி. கீழே, இரு பக்கச் சுவர்களிலும் பின்சுவரிலுமாக மூன்று பி.டி.இசட். கேமராக்கள். அவை பக்கவாட்டில் திரும்பும்; மேலும் கீழும் சாயும்; தொலைவில் உள்ளதை அருகே இழுக்கும். அவற்றின் அருகில் எவரும் நிற்பதில்லை.

இம்மேசை அங்கு வந்த வரலாறு அண்மையது. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டின் ஈஸ்டர் ஏப்ரல் 12. கல்லறை வெறுமையானதைக் கொண்டாடும் அந்நாளில் ஆலயங்களே வெறுமையாய் நின்றன. பல பங்குகளில் ஒரு கைப்பேசியை முக்காலியில் பொருத்தித் திருப்பலியை நேரலையாக அனுப்பினர். ஜூன் 8 முதல் வழிபாட்டிடங்களைத் திறக்க நடுவணரசு இசைவளித்தது. ஆயினும் முதியோரும் நோயுற்றோரும் வீட்டிலேயே தங்கினர். அவர்களுள் பலர் பின்னரும் ஆலயப் படிகளை ஏறும் நிலையில் இல்லை. கைப்பேசியின் இடத்தில் நிலையான கேமராக்களை அமைக்க வேண்டிய தேவை அங்கிருந்தே எழுந்தது.

ஆளில்லாக் கேமராவை ஆலயங்கள் விரும்புவதற்குத் தக்க காரணம் உண்டு. திருமண வீடியோ எடுப்போர் பீடத்தின் படிகளில் முழங்காலிட்டு, மணமக்களுக்கும் குருவுக்கும் இடையே நுழைந்து படமெடுப்பதை இந்தியத் திருச்சபையில் கண்டிராதவர் அரிது. சுவரில் அமர்ந்த கேமரா அவ்வாறு எவர் வழியையும் மறிப்பதில்லை. மூவர் செய்த பணியை ஒருவர் செய்துவிட முடிகிறது என்பது பங்குப் பேரவையின் கணக்கு.

அந்த ஒருவரின் பணி எளிதன்று. சுவிட்சரில் இரு படங்கள் எப்போதும் அருகருகே இருக்கும். ஒன்று புரோகிராம்: வீடுகளுக்குச் சென்றுகொண்டிருப்பது. மற்றொன்று பிரிவியூ: அடுத்துச் செல்லவிருப்பது. புரோகிராமில் உள்ள கேமராவுக்குச் சிவப்பு விளக்கு எரியும். அதற்கு டாலி என்று பெயர். சிவப்பு எரியும் கேமராவைத் தேவையின்றி அசைக்கலாகாது என்பது இத்தொழிலின் முதற்பாடம். அசைய வேண்டியது காணப்படாத கேமரா. அது திரும்பி, நின்று, குவிந்து தெளிந்தபின்பே படம் மாற்றப்படும்.

கேமராவின் நிலைகளை முன்கூட்டியே நினைவில் பதித்து வைக்கலாம்; அவை ப்ரீசெட் எனப்படும். வாசக மேடைக்கு ஒன்று, பீடத்துக்கு ஒன்று, பாடகர் குழுவுக்கு ஒன்று. ஆனால் எண்ணை அழுத்துவதற்கு முன் எந்தக் கேமராவுக்கு அந்த ஆணை செல்கிறது என்று பார்த்தாக வேண்டும். நேரலையில் இருக்கும் கேமராவுக்கே அது சென்றுவிட்டால், எழுந்தேற்றத்தின் நடுவே வீடுகளில் உள்ளோர் கண்முன் ஆலயம் முழுவதும் சுழன்றோடும். நற்செய்தி வாசித்து முடிந்ததும் தந்தை அங்கேயே நின்று மறையுரை ஆற்றுவாரா, மக்களிடையே இறங்கி வருவாரா என்பதையும் இயக்குபவர் ஊகித்திருக்க வேண்டும். கருவியைக் கற்றவரைவிட வழிபாட்டைக் கற்றவரே இங்கு நன்றாகப் பணியாற்றுகிறார். எனினும், அடுத்த கணத்தையே எண்ணிக்கொண்டிருப்பவருக்கு இக்கணத்தில் மன்றாட ஓய்வில்லை. அம்மாணவி மாலையில் வேறோர் ஆலயத்துக்குச் சென்று, கடைசி வரிசையில் அமர்ந்து, மீண்டும் ஒருமுறை திருப்பலி காண்கிறார்.

இக்கேமராக்களின் மரபை அறிவது பயனுடையது. சுவிட்சரும் கட்டுப்பாட்டுப் பலகையும் இவற்றுடன் உரையாடும் மொழிகளில் பரவலானது சோனி நிறுவனம் உருவாக்கிய விஸ்கா. தொடர்கம்பி இணைப்பில் ஒரே சங்கிலியில் ஏழு கேமராக்கள் வரை அது ஆளும். இன்று அதே ஆணைகள் கணினி வலைப்பின்னல் வழியாகவும் செல்கின்றன. பல கேமராக்கள் பெல்கோ-டி என்னும் மற்றொரு மொழியையும் அறியும். அது சிசிடிவி கண்காணிப்புக் கேமராக்களைத் திருப்புவதற்கான மொழி. வழிபாட்டைப் படமெடுக்கும் கருவியும் திருடனைத் தேடும் கருவியும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பதை இது நினைவூட்டுகிறது.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. 20 மடங்கு ஒளியியல் ஜூம் கொண்ட லென்ஸ், முழு நெருக்கத்தில், ஏறத்தாழ மூன்று பாகைக் கோணத்தையே காணும். முப்பது மீட்டர் தொலைவில் அக்கோணத்தின் அகலம் இரண்டு மீட்டருக்கும் குறைவு. பின்சுவரிலிருந்து முன்வரிசையில் ஒருவரின் தோளையும் முகத்தையும் கொண்டே திரையை நிரப்பிவிடலாம். தோளில் கேமரா சுமந்து வந்தவர் வழியை மறித்தார். ஆனால் அவர் தெரிந்தார். அவரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள முடிந்தது. கையசைத்து விலகச் சொல்ல முடிந்தது. சுவரிலுள்ள கேமராவிடம் மறுப்புச் சொல்ல வழியில்லை. இடையூறு நீங்கியபோது அந்த உரிமையும் உடன் நீங்கிற்று. நற்கருணை வாங்கத் திறந்த வாய், வரிசையில் எழாமல் அமர்ந்தே இருப்பவர், தூணின் நிழலில் அழுபவர் ஆகிய எவரும் தாம் எத்தனை வீடுகளில் தெரிகிறோம் என்று அறியார்.

தொலைவிலிருந்து காண்பதைத் திருச்சபை ஐயத்தோடு மட்டும் நோக்கியதில்லை. 1253-இல் மறைந்த அசிசியின் புனித கிளாரா, நோயினால் கிறிஸ்து பிறப்பு இரவு வழிபாட்டுக்குச் செல்ல இயலாமல் படுத்திருந்தபோது, தொலைவில் நிகழ்ந்ததைத் தம் அறையிலிருந்தே கண்டதாக மரபு கூறுகிறது. அதன் அடிப்படையில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1958-இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார். அக்கதையில் கிளாராவுக்குக் கிட்டியது வழிபாட்டின் காட்சி. அங்கிருந்தோரின் துயரத்தை உளவும் கண் அவருக்கு வழங்கப்படவில்லை.

அம்மாணவிக்கு இவ்வேறுபாடு ஓர் அடக்கத் திருப்பலியில் எதிர்ப்பட்டது. இறந்தவரின் மகன் குவைத்தில் இருந்தான், விடுப்புக் கிடைக்கவில்லை. திருப்பலி தொடங்கக் கால்மணி நேரம் இருக்கையில் அவன் கைப்பேசியில் அழைத்தான். "அக்கா, அம்மா முகத்தக் கொஞ்சம் கிட்டக் காட்டுங்கக்கா. நான் பாத்து ஏழு மாசமாச்சு." முன்வரிசையில் அந்தத் தாய் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். மகனுக்கும் ஆறுதல் கிடைக்கும். தாய்க்குத் தெரியவும் தெரியாது. தெரியாது என்பதே மாணவியின் விரலைத் தடுத்தது. அவர் மாடத்திலிருந்து இறங்கி வந்து, தாயின் காதருகே குனிந்து கேட்டார்.

தாய் முதன்முறையாகத் தலையுயர்த்திப் பின்சுவரைப் பார்த்தார். "வேணாம் கண்ணு. நான் அழுவுறத அவன் அங்க தனியா ஒக்காந்து பாக்கவேணாம். அப்பா பெட்டியக் காட்டு. தூக்கறப்ப மொகத்தக் காட்டு, போதும். என்கிட்ட நைட்டு பேசச் சொல்லு."

திருப்பலி முழுவதும் முன்வரிசை அகலக் காட்சியின் ஓரத்தில், முதுகுகளாக மட்டுமே தெரிந்தது. பெட்டியைத் தூக்கும் முன் ஒரு நிமிடம், இரண்டாம் கேமரா இறந்தவரின் முகத்தில் நிலைத்து நின்றது. அன்றிரவு தாயும் மகனும் பேசினரா என்பது பாடகர் மாடத்துக்கு வந்த செய்தியன்று.

அடுத்த வாரம் மூன்று மாற்றங்கள் செய்யப்பட்டன. மக்கள் அமரும் இருக்கைகளை நெருக்கத்தில் காட்டிய ப்ரீசெட்டுகள் அழிக்கப்பட்டன. நற்கருணை வழங்கும் வேளையில் பீடத்துச் சிலுவை மட்டுமே நேரலையில் நிற்கும் என முடிவாயிற்று. வலப்புறக் கடைசி நான்கு வரிசைகள் எந்தக் கேமராவின் எல்லைக்குள்ளும் வராதபடி கோணங்கள் திருத்தப்பட்டன. அவ்விருக்கைகளின் முனையில் அதை அறிவிக்கும் ஓர் அட்டையும் தொங்கவிடப்பட்டது. செலவு, அட்டைக்கான நாற்பது ரூபாய். ஞாயிறுகளில் முதலில் நிரம்புவது இப்போது அந்த நான்கு வரிசைகளே.