போடி அக்காவும் புல்வெட்டும் மிஷினும்

ஏலக்காய் வாசனையைச் சுவாசித்து ஒரு வாரம் ஓய்வெடுக்கலாம் என்றுதான் போடிநாயக்கனூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். திரும்பி வரும்போது புல்வெட்டும் மிஷினைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லும் அளவுக்குப் பாடம் படித்துக்கொண்டு வந்தேன்! கேட்கச் சிரிப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் தோட்டமும் துறுதுறுவென்று ஒரு குழந்தையும் உள்ள வீடாக இருந்தால், உங்களுக்கும் இது ஒரு நாள் பயன்படும்.

மதுரையில் ரயில் ஏறினேன். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, அடுத்தது போடி. அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நின்றுபோன ரயில், 2023 ஜூனில்தான் மறுபடியும் போடி வரை வரத் தொடங்கியது. ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதுமே காற்று மாறிவிடுகிறது. போடியில் இறங்கினால் மூன்று பக்கமும் மலை, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல.

அக்கா வீடு முந்தல் போகும் சாலையில், ஊரை ஒட்டி இருக்கிறது. மொத்தம் 20 சென்ட் இடம். முன்னால் புல்தரை, பின்னால் மாமரமும் தென்னையும். வீட்டின் மேற்குப் பக்கம் மட்டும் தரை சரிந்து ஓடைப் பக்கம் இறங்குகிறது.

காபி குடித்து முடிப்பதற்குள் அக்கா விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"ஒங்க அத்தான் புல்லு வெட்ட ஒரு வண்டி வாங்கப் போறாகளாம்டீ. உக்காந்துக்கிட்டே ஓட்டுற வண்டி! வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் குடுக்கணுமாம்."

அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன், அங்கே தன் வீட்டில் அப்படி ஒரு வண்டி வைத்திருக்கிறான். வீடியோவில் அதைப் பார்த்த நாளிலிருந்து அத்தானுக்கு ஆசை. அவருக்கு 64 வயது, முழங்கால் வலி வேறு. பழைய வண்டி ஒன்று விலைக்கு வருவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். மகனும் பணம் அனுப்புகிறேன் என்றுவிட்டான். இதில் எல்லோரையும் விட உற்சாகமாக இருந்தது நாலு வயதுப் பேரன்தான். "தாத்தா மடியில உக்காந்து நான் ஓட்டுவேனே!" என்று வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தான்.

அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மலைக்கு மேலே

மறுநாள் விடியற்காலை அத்தான் எங்களை ஜீப்பில் மலைக்கு அழைத்துப் போனார். அந்த நேரத்தில் போடிச் சாலையைப் பார்க்க வேண்டும்! கையில் தூக்குவாளியும் தலையில் துண்டுமாகப் பெண்கள் ஜீப் ஜீப்பாக ஏறுகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் உள்ள ஏலத்தோட்டங்களுக்கு அன்றாட வேலைக்குப் போகிறவர்கள். இருட்டில் எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு வருகிறவர்கள். நம் பாயசத்தில் விழும் ஏலக்காய்க்குப் பின்னால் இவர்களுடைய விடியற்காலை இருக்கிறது.

முந்தல் தாண்டினால் மலைப் பாதை. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடித்தால் போடிமெட்டு. கீழே மாந்தோப்பும் இலவ மரமுமாக இருந்த வெயில் பூமி, மேலே போனதும் சால்வை கேட்கிறது. அங்கிருந்து கேரள எல்லைக்குள் இறங்கி, பூப்பாறைக்கு அப்பால் அத்தானின் நண்பருடைய ஏலத்தோட்டத்துக்குப் போனோம்.

பெரிய மரங்களின் நிழலில், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறது ஏலச்செடி. காய் எங்கே என்று மேலே தேடினேன். அங்கே களை எடுத்துக்கொண்டிருந்த வயதான அம்மா சிரித்துக்கொண்டே, "கீழ பாருங்கம்மா" என்றார். செடியின் அடியிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படர்ந்து, அதில்தான் பூவும் காயும். கவனிக்காமல் காலை வைத்தால் போயிற்று!

தோட்டத்தில் புல் வெட்ட மிஷின் இருந்தது. தோளில் மாட்டிக்கொண்டு வீசும் மிஷின். ஆனால் அதை வரிசைகளுக்கு நடுவிலும் நடைபாதையிலும் மட்டும்தான் ஓட்டினார்கள். செடியைச் சுற்றிக் கையால்தான் களை எடுத்தார்கள். ஏன் என்று கேட்டேன்.

"வேரு மேலாக்க ஓடுதும்மா. கொத்திக் கிளறக் கூடாது. மிசினுக்குக் கண்ணா இருக்கு? எது களை, எது பூச்சரம்னு கைக்குத்தான தெரியும்!"

வெட்டிய களையை வெளியே எறியவும் இல்லை. செடிக்கு அடியிலேயே மூடாக்காகப் போட்டார்கள். ஈரம் காயாது, மக்கினால் உரம், சரிவில் மண்ணும் அரித்துக்கொண்டு போகாது. எந்த இடத்துக்கு எந்தக் கருவி என்று அவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் மிஷினை எடுக்கிறார்கள். மிஷினை வாங்கிவிட்டு இடத்தைத் தேடுவதில்லை.

இறங்கும்போது அத்தானிடம் மெதுவாகக் கேட்டேன். "அத்தான், நம்ம புல்தரை எத்தனை சென்ட்?"

"ஒரு முப்பது இருக்கும்" என்றார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மொத்த இடமே 20 சென்ட் அல்லவா!

டேப்பும் ரசமட்டமும்

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு நானும் அக்காவும் இறங்கிவிட்டோம். சமதளப் புல்தரை 6 சென்ட், அதாவது சுமார் 2,600 சதுர அடி. மேற்குச் சரிவில் இன்னும் 3 சென்ட். ஆக மொத்தம் 9 சென்ட்தான்.

உட்கார்ந்து ஓட்டும் வண்டி பொதுவாக அரை ஏக்கருக்கு, அதாவது 50 சென்ட்டுக்கு மேல் புல்தரை உள்ளவர்களுக்குத்தான் கட்டுபடியாகும். அதன் வெட்டும் அகலம் பெரும்பாலும் 42 அங்குலம். சமதளத்தில் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு ஏக்கர் வெட்டிவிடும். அக்கா வீட்டு 6 சென்ட்டை முடிக்க அதற்குச் சில நிமிடம் போதும். வண்டியை ஷெட்டிலிருந்து எடுத்துத் திருப்பவே அதைவிட நேரம் ஆகும்! இதில் தென்னையையும் பூச்செடியையும் சுற்றிச் சுற்றித் திருப்ப வேண்டும். திருப்பம் கூடக் கூட எண்ணெயும் வீண், புல்லும் நசுங்கும்.

நின்று தள்ளிக்கொண்டு போகும் 18 அங்குல மிஷின் என்றால்? வெட்டிய தடத்தின் மேல் கொஞ்சம் ஏறினாற்போல் போக வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் குடுமி நிற்கும். அதனால் 15 அங்குலம் என்று வைத்துக் கணக்குப் போட்டோம். 6 சென்ட் முழுவதும் வெட்ட 650 மீட்டர் நடந்தால் போதும். அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

"அம்புட்டுத்தானா? அத நானே நடந்துருவேன். டாக்டரும் நடக்கத்தான சொன்னாரு" என்றாள் அக்கா.

அடுத்தது சரிவு. கொத்தனாரிடமிருந்து ரசமட்டம் வாங்கி வந்து, மேட்டிலிருந்து 10 அடி நீளத்துக்கு நூலை மட்டமாகப் பிடித்தோம். நூலின் நுனியிலிருந்து தரை எத்தனை அடி கீழே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2 அடி 8 அங்குலம் என்றால் 15 டிகிரிச் சரிவு. அதற்கு மேல் போனால் உட்கார்ந்து ஓட்டும் வண்டி கூடவே கூடாது. ஏறக்குறைய 200 கிலோ எடையுள்ள வண்டி அது. சக்கரம் வழுக்கினாலும் கவிழ்ந்தாலும் ஓட்டுகிறவர் அதற்கு அடியில்தான். எங்கள் நூல் காட்டியது 4 அடி!

கடைசியாகப் பக்கத்து கேட்டை அளந்தோம். அகலம் 3 அடி. 42 அங்குல வண்டி உள்ளேயே வராது. அத்தான் டேப்பையும் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் மனசு ஆறவில்லை. "கேட்டை இடிச்சுக் கட்டிட்டாப் போச்சு" என்றார்.

நான் சொல்ல நினைத்தது

அப்போதுதான் என் மகள் கதையைச் சொன்னேன். அவளுக்கு ஏழு வயது இருக்கும்போது, எங்கள் வீட்டுக் கொல்லையில் புதர் வெட்ட ஆள் வைத்தோம். தோளில் மாட்டும் மிஷின்தான். "வேடிக்கை பார்க்கட்டுமே" என்று வாசற்படியில் அவளை நிற்க விட்டவள் நான். இருபது அடி தள்ளித்தான் நின்றாள். எங்கிருந்தோ சிறு கல் ஒன்று தெறித்து வந்து புருவத்துக்கு மேலே வெட்டிவிட்டது. மூன்று தையல். ஒரு விரல் கீழே பட்டிருந்தால் கண்! மிஷின் ஓட்டியவரைச் சொல்லிக் குற்றமில்லை. அனுமதித்தது நான்தானே. இன்றைக்கும் அவளுக்குப் பொட்டு வைக்கும்போது அந்தத் தழும்பு என் விரலில் படுகிறது.

"கல்லுக்கே அப்படின்னா, கத்தி மேல உக்காந்து போற வண்டியில பிள்ளைய மடியில வைக்கலாமா அத்தான்? ஒரு குலுங்கல்ல நழுவி விழுந்தா வண்டி நிக்கவா செய்யும்? நாளைக்கி நீங்க ரிவர்ஸ் எடுக்கும்போது, ஏத்திக்கச் சொல்லி அவனே பின்னால ஓடி வந்தா?"

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே, தள்ளும் மிஷினை 12 வயதுக்கு முன்னும், உட்கார்ந்து ஓட்டும் வண்டியை 16 வயதுக்கு முன்னும் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள் என்கிறது. வண்டியில் கூட உட்கார்த்தி வைத்துப் போகவே கூடாது என்கிறது. அந்த வண்டிகள் வீட்டுக்கு வீடு ஓடுகிற ஊரில் சொல்வது இது!

அத்தான் ஒன்றும் பேசவில்லை. பேரனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மாமரத்துப் பக்கம் போய்விட்டார். ராத்திரி மகனுக்குப் போன் பண்ணி, "வண்டி வேணாம்ப்பா, நம்ம எடத்துக்கு அது ஆகாது" என்று அவரே சொன்னது காதில் விழுந்தது.

அக்கா கையாளும் முறை

வெள்ளிக்கிழமை 18 அங்குலத் தள்ளும் மிஷின் வந்தது. சரிவில் உள்ள 3 சென்ட்டை மிஷினிடமே கொடுக்கவில்லை. வேலைக்கு வரும் அம்மா தன் மாட்டுக்கு அங்கேதான் புல் அறுப்பார். வண்டி வந்தால் அந்தப் புல் போய்விடுமே என்று அவர் இரண்டு நாளாக முகம் வாடியிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இப்போது சரிவுப் புல் முழுக்க அவருக்கே. வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டும் நிற்கும்.

மிஷினை உபயோகிக்கும் முறையையும் எழுதி, சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் கல், ஆணி, தென்னை ஓடு, பொம்மை எல்லாவற்றையும் பொறுக்கிவிட வேண்டும். குழந்தையை உள்ளே அனுப்பிக் கதவைத் தாழ் போட்ட பிறகுதான் மிஷினைக் கிளப்ப வேண்டும். செருப்பு கூடாது, மூடிய ஷூ வேண்டும். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும்.

பனியும் மழையும் காய்ந்த பிறகே வெட்ட வேண்டும். ஈரப் புல் கத்தியில் அப்பிக்கொள்ளும், காலும் வழுக்கும். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக் கூடாது. மொட்டையடித்தால் வெயிலில் கருகிவிடும். கத்தி கூராக இருக்கட்டும். மழுங்கிய கத்தி புல்லைப் பிய்க்கும், நுனி பழுத்துப்போகும்.

ஓரத்தில் இரண்டு சுற்று வெட்டித் திரும்ப இடம் செய்துகொண்டு, பிறகு நீளவாட்டில் போய் வர வேண்டும். திருப்பம் குறைந்தால் நேரம் மிச்சம். வெட்டிய துண்டுகளை மலைத்தோட்டத்து அம்மா செய்தது போல அங்கேயே விட்டால் அதுவே உரம். அடைப்பை நீக்க வேண்டுமானால் மிஷினை நிறுத்தி, கத்தி அசையாமல் நின்ற பிறகே கை வைக்க வேண்டும்.

சூடான மிஷினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். காய்ந்த புல்லின் மேல் வைத்து ஊற்றவே ஊற்றாதீர்கள். 2018 மார்ச் 11-ஆம் தேதி, இதே போடிக்கு மேலே குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய தீ, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பலி வாங்கியதை இந்த ஊர் மறக்கவில்லை.

உங்களில் யாருக்காவது ஏக்கர் கணக்கில் சமமான புல்தரை இருந்தால், உட்கார்ந்து ஓட்டும் வண்டியைத் தாராளமாக வாங்குங்கள். கேட் அகலத்தையும், அதன் பெல்ட்டும் கத்தியும் பக்கத்து ஊரில் கிடைக்குமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். லேசான சரிவில் அதை மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும், குறுக்கே கூடாது. தள்ளும் மிஷினுக்கு நேர் எதிர்: சரிவுக்குக் குறுக்கேதான் நடக்க வேண்டும். கால் வழுக்கினால் மிஷின் நம் மேல் வராது.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று காலை, அக்கா ஷூ போட்டுக்கொண்டு புல் வெட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு உள்ளே தாத்தா மடியில் உட்கார்ந்து பேரன், "ஆச்சி, அங்க விட்டுட்டீங்க! அங்க!" என்று கத்திக்கொண்டிருந்தான். தாத்தா மடி ஆசை தீர்ந்தது, ஜன்னலுக்கு உள்ளேயே!