இரவு ரெண்டு மணிக்கு யாற்ற முறை?

அக்காவுக்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள் நான் ஒரு டைம்டேபிள் கீறினேன். ஏ4 தாளில், அடிமட்டம் வைத்து, மூன்று நிறப் பேனையால். பச்சை என்றால் பால், நீலம் நித்திரை, சிவப்பு குளிப்பு. காலை 6 மணிக்குப் பால், 7 மணிக்கு நித்திரை, 9 மணிக்குத் திரும்பப் பால். இரவு 9 மணியிலிருந்து விடிய 5 மணி வரைக்கும் ஒரே நீலம். யூடியூப்பில் வெளிநாட்டு அம்மா ஒருத்தி சிரிச்சுக்கொண்டு சொன்னதைப் பார்த்துப் போட்டதுதான். அதை அக்காவின் அறைச் சுவரில், நுளம்பு வலை கட்டுற ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன்.

அம்மா வந்து பார்த்தா. "என்னடா இது, பிள்ளை பள்ளிக்கூடத்துக்கே போகப்போகுது?"

அடுத்த நாள் காலை 7.20க்கு அந்த டைம்டேபிள் செத்துப்போச்சு. நல்ல நீல நேரத்தில் குட்டி வீரிட்டுக் கத்தினாள். அக்கா தாளையும் பார்த்து என்னையும் பார்த்தா. பிறகு ஒன்றும் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கினா.

இது நடந்தது 2024 மே மாதம். கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் கம்பஸ் கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. பேராதனையில் சும்மா இருந்து என்ன செய்யிறது என்று பையைக் கட்டிக்கொண்டு வடமராட்சிக்கு வந்துவிட்டேன். அத்தானுக்குக் கொழும்பில் தனியார் கம்பனி வேலை. எங்கட நாட்டில் அரச வேலை செய்யிற தகப்பனுக்குப் பிள்ளை பிறந்தால் மூன்று நாள் லீவு. தனியார் துறைக்கு அதுவும் சட்டத்தில் இல்லை. அத்தான் தன்ர வருட லீவில் ஆறு நாள் எடுத்து வந்து நின்றார். பிறகு இரவு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். வீட்டில் மிஞ்சினது முழங்கால் வருத்தத்தோட அம்மா, பச்சை உடம்போட அக்கா, வேலை வெட்டி இல்லாத நான்.

எங்கட ஊரில் தாய்மாமனுக்கு மரியாதைக்குக் குறைவில்லை. காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்திருக்கிறது மாமன். நகை போடுறது மாமன். நாளைக்குக் கலியாணம் என்றாலும் மாமனுக்கு ஒரு இடம் இருக்கு. ஆனால் இரவில் முழிச்சிருக்கிறது அந்தப் பட்டியலில் இல்லை. நானும் அதை யோசித்தது இல்லை. டைம்டேபிள் கீறிக் குடுத்ததோட என்ர பங்கு முடிஞ்சுது என்றுதான் நினைத்தேன்.

அது பிழைத்த பிறகு ரோசம் வந்துவிட்டது. நான் படிக்கிறது சமூகவியல். இலங்கையில் முதல் தடவையாக 2017இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நேரப்பயன்பாட்டு ஆய்வு ஒன்று செய்தது. ஆக்கள் 24 மணித்தியாலத்தை எப்படிச் செலவழிக்கினம் என்று பார்க்கிற ஆய்வு. அதைப் பற்றி வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. என்ன நடக்கவேணும் என்று எழுதுறதை விட்டிட்டு, என்ன நடக்குது என்று எழுதிப் பார்ப்பம் என்று ஒரு ஒற்றைறூள் கொப்பி எடுத்தேன். பால் குடிச்ச நேரம், படுத்த நேரம், எழும்பின நேரம், சலம் போன தடவை. மூன்று நாள் விடாமல் எழுதினேன்.

முதல் நாள் 11 தரம் பால், அடுத்த நாள் 10, மூன்றாம் நாள் 12. நித்திரையைக் கூட்டிப் பார்த்தால் நாளுக்குப் பதினைந்து மணித்தியாலம் வருகுது. இவ்வளவு நித்திரை கொள்ளுற பிள்ளையிருக்கிற வீட்டில் ஏன் ஒருத்தருக்கும் நித்திரை இல்லை என்று முதலில் விளங்கவில்லை. துண்டு துண்டாகப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஆக நீளமான துண்டு 2 மணித்தியாலம் 10 நிமிடம். அதுவும் பட்டப்பகலில்.

பதினேழாம் நாள் மிட்வைஃப் மிஸ் ஸ்கூட்டரில் வந்தா. நான் பெருமையாகக் கொப்பியை நீட்டினேன். வாசித்துவிட்டுச் சிரித்தா.

"தம்பி, இது சரியாத்தான் நடக்குது. பிள்ளைக்கு வயிறு சின்னன். தாய்ப்பால் கெதியாச் செமிச்சிடும். ஒரு நாளைக்கு எட்டுத்தரம் பன்னிரண்டு தரம் குடிக்கத்தான் செய்யும். இரவு பகல் பிடிபட ரெண்டு மூண்டு மாசம் செல்லும். அதுக்கு முதல் நீங்கள் சொல்லுற நேரத்துக்கு அவ படுக்கமாட்டா."

பிறகு குட்டியைக் காட்டிச் சொல்லித் தந்தா. கையைச் சூப்பினால், வாயைத் திறந்து தலையை அங்கையும் இங்கையும் திருப்பித் தேடினால், அது பசி. அப்பவே பால் குடுக்கவேணும். அழுகை கடைசி அறிவித்தல். அழத் தொடங்கினால் பிடிச்சுக் குடிக்கவும் கஷ்டப்படும். நாளுக்கு ஆறு தரத்துக்குக் குறையாமல் சலம் போய், கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு மேல போனால் பால் காணும், பயப்படத் தேவையில்லை. ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும், தண்ணியும் வேண்டாம்.

போக எழும்பினவ, கொப்பியைத் திரும்ப எடுத்துப் பார்த்தா. "இதில பிள்ளை படுத்த நேரம் எல்லாம் கிடக்கு. அக்கா எப்ப படுத்தவ?"

எனக்குப் பதில் தெரியாது. மூன்று நாளாக அதே வீட்டில் இருந்து நிமிடக் கணக்கில் எழுதியிருக்கிறேன். அக்கா அந்தக் கொப்பியில் எங்கேயும் இல்லை.

அன்றைக்கே இன்னொரு கோடு கீறி அக்காவுக்கும் எழுதத் தொடங்கினேன். அடுத்த 24 மணித்தியாலத்தில் அக்கா படுத்தது எல்லாம் சேர்த்து 4 மணித்தியாலம் 20 நிமிடம். தொடர்ந்து படுத்தது ஆகக் கூடினது 1 மணித்தியாலம் 15 நிமிடம். குட்டி படுக்கிற நேரத்தில் அக்கா பால்துணி மாத்துறா, ஏவறை எடுக்கிறா, சரக்குக்கறிச் சாப்பாடு சாப்பிடுறா, பிள்ளை பார்க்க வந்த ஆக்களுக்கு முகம் குடுக்கிறா. கனடாச் சித்தியும் லண்டன் சித்தியும் வாட்ஸ்அப்பில் வேற வேற புத்தி சொல்லுகினம். அதுக்கும் தலையாட்டுறா.

பத்தொன்பதாம் நாள் இரவு ரெண்டு மணியிருக்கும். குட்டி அழுகிற சத்தத்துக்கு நான் எழும்பினேன். அழுகை நிற்கவில்லை. அறைக்குள் போய்ப் பார்த்தால் பிள்ளை மட்டும் கிடக்கிறாள். தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். குசினி வாசல்படியில் அக்கா இருந்தா. சோளகக் காத்துக்குப் பனையோலை அடிச்சுக்கொண்டிருந்தது. அக்கா கிணத்தடிப் பக்கம் பார்த்தபடி இருந்தா.

"அவள் அழுறது கேக்குது தம்பி. எழும்பத்தான் ஏலாமல் கிடக்கு. எனக்கு அவளில ஒண்டும் வருகுதில்லை. என்னை விட வேற ஆரும் இவளை நல்லாப் பாப்பினம் போல."

அழவில்லை. அரிசி முடிஞ்சுபோச்சு என்று சொல்லுற மாதிரிச் சொன்னா. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

விடிய அம்மாவிடம் சொன்னேன். "நாங்களும்தான் பெத்தனாங்கள்" என்றா அம்மா முதலில். நான் மிட்வைஃப் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். அன்றைக்கே வந்தா. அக்காவோட தனியாக இருந்து பத்துக் கேள்வி உள்ள ஒரு படிவத்தை நிரப்பினா. பிள்ளை பெற்ற முதல் கிழமைகளில் மனம் கலங்குறது நிறையப் பேருக்கு வரும், தானாகப் போயிடும், ஆனால் ரெண்டு கிழமை தாண்டியும் இருந்தால் வைத்தியரிடம் காட்டவேணும் என்று சொல்லி, அடுத்த கிளினிக் நாளுக்கு டொக்டரைப் பார்க்க ஒழுங்கு செய்தா. அது மட்டும் அக்காவைத் தனிய விடவேண்டாம் என்றும் சொன்னா. டொக்டர் அக்காவோட நெடுநேரம் கதைத்தார். ரெண்டு கிழமையில் திரும்ப வரச் சொன்னார். எங்களைக் கூப்பிட்டுச் சொன்னது ஒன்றுதான்: இரவில் இவவுக்கு நாலு மணித்தியாலமாவது முறியாத நித்திரை வேணும். அதை எப்படிக் குடுக்கிறது என்று வீட்டில் இருக்கிற ஆக்கள்தான் யோசிக்கவேணும்.

அன்று பின்னேரம் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தபோது அம்மா தானாகச் சொல்லத் தொடங்கினா. "கொக்கா பிறந்த நேரம் கரண்டும் இல்லை, ஒண்டும் இல்லை. ஜாம் போத்தல் விளக்குத்தான். ஆனா இரவில அம்மம்மா எழும்புவா. ரெண்டு சித்திமாரும் மாறி மாறி ஏணை ஆட்டுவினம். நான் பாலைக் குடுத்திட்டுத் திரும்பிப் படுத்திடுவன்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. "இவளுக்கு அப்பிடி ஆர் இருக்கினம்?"

அப்பதான் எனக்குப் பிடிபட்டது. அந்தக் காலத்தில் பிள்ளைக்கு நேர அட்டவணை இருக்கவில்லை. அட்டவணை தேவைப்படாத அளவுக்குக் கைகள் இருந்தன. இப்ப கைகள் கனடாவிலும் லண்டனிலும் கொழும்பிலும். பழக்கம் மட்டும் தாய்க்காரியின் தலையில்.

இரண்டாவது டைம்டேபிளை நாங்கள் நாலு பேரும் சேர்ந்து போட்டோம், அத்தான் வீடியோ கோலில். இதில் பிள்ளையின் பெயர் இல்லை. எங்கட பெயர்கள்தான்.

இரவு 9 மணிக்குப் பால் குடுத்துவிட்டு அக்கா அம்மாவின் அறையில், கதவைச் சாத்திப் படுக்கவேணும். 9 இலிருந்து 1 வரை என்ர முறை. இடையில் பசித்தால் அக்கா பின்னேரம் எடுத்து பிரிட்ஜில் வைத்த பால். போத்தல் வேண்டாம் என்று மிஸ் சின்னக் கப்பால் பருக்கப் பழக்கினா. பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, கப்பின் விளிம்பை உதட்டில் முட்ட வைத்தால் அவளே நக்கிக் குடிப்பாள். வாய்க்குள் ஊத்தக்கூடாது. முதல் நாள் பாதிப் பால் என்ர ரீசேட்டில். ஒரு கிழமையில் கை பழகிவிட்டது. 1 மணிக்குப் பிறகு அக்கா பால் மட்டும் குடுப்பா. துணி மாத்துறது, ஏவறை எடுக்கிறது, திரும்பப் படுக்க வைக்கிறது நான். 5 மணிக்கு அம்மா எழும்பினதும் நான் படுப்பேன்.

குட்டிக்கு மணிக்கூடு இல்லை, ஒரு ஒழுங்கு மட்டும். பகலில் யன்னல் திறந்திருக்கும், ரேடியோ பாடும், ஆக்கள் கதைப்பினம். பொழுதுபட்டால் இளஞ்சூட்டுத் தண்ணியில் துடைத்து, உடுப்பு மாத்தி, லைட்டைக் குறைத்து, பால் குடுத்து, அம்மா ஏணையில் போட்டு ஓராட்டுவா. இரவில் எழும்பினால் பெரிய லைட் போடுறதில்லை, கொஞ்சிறதில்லை. நித்திரை பிடித்ததும் மெத்தையில் நிமிர்த்திக் கிடத்துவோம், தலையணை இல்லாமல். "தலை சப்பையாப் போகும்" என்று அம்மா ஒரு கிழமை சண்டை பிடித்தா. மிஸ் வந்து சொன்ன பிறகுதான் விட்டா.

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் கேட்டா: "என்ன, கம்பஸ் பெடியன் பால்துணி தோய்க்கிறான்?" எனக்கு முகம் சிவந்ததுதான். ஆனால் அம்மா குடுத்த பதிலை எதிர்பார்க்கவில்லை. "அவன்ர மருமகள்தானே, தோய்ச்சால் என்ன?"

ஒன்றும் ஒரே இரவில் மாறவில்லை. குட்டி அதே மாதிரித்தான் எழும்பினாள். ஆனால் அக்கா முதல் தடவை நாலு மணித்தியாலம் படுத்த அடுத்த நாள், தானாகத் தலை இழுத்தா. பத்து நாள் கழித்து குட்டியின் மூக்கைப் பார்த்து "இது அப்பிடியே அத்தான்ர மூக்கு, பாவம்" என்று சிரித்தா. கிளினிக்குக்குத் தொடர்ந்து போனா. எட்டாம் கிழமை, இரவு 9.30க்குப் படுத்த குட்டி 1.40க்குத்தான் எழும்பினாள். நான் பயந்துபோய் மூச்சு வருகுதா என்று மூன்று தரம் பார்த்தேன்.

ஜூலையில் வேலைநிறுத்தம் முடிந்தது. போக முதல் நாள் அத்தானுக்குப் போன் எடுத்து, "9 இலிருந்து 1 வரைக்கும் யாற்ற பேரைப் போடுறது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வெள்ளி, சனி இரவுகளுக்குத் தன்ர பெயரைப் போடச் சொன்னார். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் பஸ் ஏறி வாறார். மற்ற ஐந்து நாளும் அம்மாவும் அக்காவும். நியாயமான பங்கீடு இல்லை. அக்காவின் 84 வேலைநாள் முழுச்சம்பள லீவு செப்டெம்பர் அளவில் முடியும். வீட்டுக்கடன் இருக்கிறபடியால் அரைச்சம்பள லீவு எடுக்க ஏலாது. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

இதை வாசிக்கிற பெடியங்களுக்கு ஒன்று. அக்காவுக்கோ தங்கச்சிக்கோ சிநேகிதிக்கோ பிள்ளை பிறந்தால் நாங்கள் கேட்கிறது நிறையும் நிறமும் யாற்ற சாயல் என்றதும்தான். அதோட, "நேற்று எத்தினை மணித்தியாலம் படுத்தனீங்கள்?" என்றும் கேளுங்கோ. பதில் ரெண்டு, மூன்று என்று வந்தால், ஒரு இரவை நீங்கள் எடுங்கோ.

போன கிழமை விரிவுரைக்குள் இருக்கும்போது அக்காவிடமிருந்து மெசேஜ் வந்தது. "நேற்று ஐஞ்சரை மணித்தியாலம்!"

"குட்டியா?" என்று கேட்டேன்.

"இல்லை, நான்."